கிணற்றுக்கு மின்சாரம், படகுக்கு டீசல்

பல்லடம் பக்கம் 1,000 அடிக்கு போர் போட்டும் வெறும் புழுதி பறந்ததைப் பார்த்தவர்களுக்கு, கடலில் மீன் ஏன் குறைகிறது என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது.

நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. நம் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அதே நீரை இறைத்துவிடும். ஆழம் கூடக் கூடச் செலவு ஏறும், கட்டுப்படியாகாமல் ஒருநாள் நிறுத்துவோம் என்பதுதான் நீருக்கு இருந்த காவல். இலவச மின்சாரம் வந்ததும் அது போயிற்று. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் உழவர்கள் குண்டுபட்டு மாண்டார்கள். அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நீருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

கடலிலும் இதே கணக்குதான். ஒரு படகு கடலுக்குப் போய்வர 1 லட்சம் ரூபாய் செலவு, கிடைத்த மீனின் விலை 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். படகு கரையில் நிற்கும், மீன் பெருகும். டீசலுக்கு அரசு 30 ஆயிரம் கொடுத்தால், அதே படகு 10 ஆயிரம் லாபத்தோடு மறுபடி கிளம்பும். வரவு 70 ஆயிரமாகச் சரியும்வரை கிளம்பிக்கொண்டே இருக்கும். பொதுவில் கிடக்கும் மீன்வளம் ஏன் இப்படித் தேய்கிறது என்பதைக் கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இலேயே விளக்கிவிட்டார். 2018இல் உலக நாடுகள் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் 2,220 கோடி, மீன்பிடித் திறனைக் கூட்டும் வகை. உலகின் மீன் கூட்டங்களில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுபவை 1974இல் 10 சதவீதம்; 2021இல் 37.7 சதவீதம்.

வணிகமும் இதே வேலையை மறுமுனையிலிருந்து செய்கிறது. நாமக்கல்லில் ஒரு தீவன ஆலையில் கருவாட்டுச் சாக்கு ஒன்றைப் பிரித்துக் கையளவு அள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் விரல் நீளக் குஞ்சுகள். ராமேசுவரத்தில் இதைச் சங்காயம் என்பார்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால், சிறு கண் மடி வலையை இழுப்பதில் இத்தனை லாபம் இருக்காது. கோழித் தீவனத்துக்குக் கிடைக்கும் விலை, நாளைய மீனை இன்றே விற்க வைக்கிறது. முட்டை தின்னும் நாமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

உலக வணிக அமைப்பு 2022இல் ஏற்ற மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிக்கும், ஏற்கெனவே தேய்ந்துபோன மீன் கூட்டங்களைப் பிடிப்பதற்கும் மானியம் தருவதை அது தடுக்கிறது. தொலைதூரக் கடல்களை வாரும் பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும், நமக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா வாதாடிவருகிறது. முதல் பாதி முழு நியாயம். 25 ஆண்டு மீன் தாங்குமா என்பதுதான் என் கவலை.

மானியம் எல்லாமே கேடும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. அதுவும் அரசுப் பணம்தான். ஆனால் படகு கரையில் நிற்பதற்காகக் கொடுப்பது.