ஜாடி மூடியைத் திறக்க முடிகிறதா?

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்தவரின் உடலில் அழற்சி எவ்வளவு என்பதை இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு சொல்லிவிடும். எலும்பு அரித்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் இன்று காலை அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடிந்ததா? அதை அவரைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எண்ணாக மாற்றிய கேள்வித்தாள்தான் 'ஹெச்.ஏ.க்யூ.' (ஹெல்த் அசெஸ்மென்ட் க்வெஸ்ச்சனேர்). அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980-இல் வெளியிட்டது.

கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மொத்தம் 20 கேள்விகள். உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, இறுகப் பிடிப்பது, வீட்டு-வெளி வேலைகள் என்று 8 பிரிவுகள். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் 2, முடியவே இல்லை 3.

மதிப்பெண் போடும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இறுகப் பிடிக்கும் பிரிவின் மூன்று கேள்விகளையே பாருங்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயைச் சிரமமில்லாமல் திருகுகிறார், கார் கதவையும் திறக்கிறார். ஜாடி மூடியைத் திறக்கத்தான் படாதபாடு படுகிறார். சராசரி பார்த்தால் 0.67. ஜாடியோடு அவர் பட்ட பாடு அதில் கரைந்துவிடும். அதனால் பிரிவில் எது அதிகமோ அதுவே, அதாவது 2, கணக்கில் ஏறும். மூடி திறக்கும் கருவி இருப்பதால் சிரமமில்லை என்றாலும் 2-தான். கருவி வந்ததால் விரலுக்கு வலு வந்துவிடவில்லையே!

எட்டுப் பிரிவையும் கூட்டி 8-ஆல் வகுத்தால் 0 முதல் 3 வரை ஓர் எண் வரும். ஒரு பிரிவில் ஒரு படி குறைந்தால் இறங்குவது 0.125. நோயாளிக்கே வித்தியாசம் தெரிய 0.22 அளவாவது மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, இரண்டு படியாவது இறங்கினால்தான் மருந்து கேட்கிறது என்று பேசலாம்.

மூலக் கேள்வித்தாள் தொட்டிக் குளியலையும் இறைச்சி வெட்டுவதையும் கேட்கிறது. குளியல் தொட்டியே இல்லாத வீட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது? மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. 2002-இல் வந்த இந்திய வடிவத்தில் 12 கேள்விகள்: சேலையோ வேட்டியோ கட்ட முடிகிறதா, கழிப்பறையில் குந்தி உட்கார முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா...

இந்த எண் காரணத்தைச் சொல்லாது. மூட்டு வீங்கிப் புதிதாக வந்தவருக்கும் 1.5 வரலாம், பல ஆண்டு நோயில் விரல்கள் கோணிப்போனவருக்கும் 1.5 வரலாம். முன்னவருக்கு மருந்து வேலை செய்தால் எண் நன்றாகவே இறங்கும். பின்னவருக்கு அவ்வளவாக அசையாது.