பள்ளிக் கவுன்சிலரை அக்டோபரில் தேடாதீர்கள்

அமெரிக்காவில் ஒரு பொதுப்பள்ளியில், பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில் நம்மூர்ப் பெற்றோர் சிலர் முதல் முறையாக என் அறைக்கு வருவார்கள், "காலேஜ் அப்ளிகேஷனுக்கு நவம்பர் 1 டெட்லைன் மேடம், ஒரு சிபாரிசு லெட்டர் வேணும்" என்று. அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. கட்-ஆஃப் இருந்தால் சீட்டு என்ற ஊரில் வளர்ந்தவர்களுக்கு மார்க்குக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு ஆள் உண்டு என்று எப்படித் தோன்றும்?

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), மாணவரைப் பற்றிப் பள்ளி நிரப்பும் ஸ்கூல் ரிப்போர்ட், பள்ளியில் என்னென்ன ஏபி (கல்லூரித் தரத்துப் பாடம்) வகுப்புகள் உண்டு என்று சொல்லும் ஸ்கூல் ப்ரொஃபைல் எல்லாம் எங்கள் கையிலிருந்துதான் போகும். ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி வரும்: இதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்றவர்களோடு பார்த்தால் இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? அந்த இடத்தில் நான் கருணை காட்ட வழியே இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த பாடங்கள்தான் பதில். அதனால் வருவதென்றால் பாடம் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் வாருங்கள்.

அப்புறம் அந்த லெட்டர். ஜூனியர் வருடக் கடைசியில், அதாவது பதினோராம் வகுப்பு முடியும்போது, பெற்றோருக்கு ஒரு படிவம் தருவோம். நம்மவர்கள் அதில் "நன்றாகப் படிப்பாள், ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி" என்று எழுதித் தருகிறார்கள். இதை வைத்து நான் என்ன செய்ய? ஒரு அம்மா மட்டும், பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்வது மகள்தான், காத்திருக்கும் நேரத்தில் அங்கேயே ஹோம்வொர்க் செய்வாள் என்று நாலு வரி எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் அவள் கெமிஸ்ட்ரியில் ஏன் சறுக்கினாள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவள் அதைத் தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதவில்லை, வாய்விட்டும் சொல்லவில்லை. கடிதத்தில் நான் எழுதினேன்.

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் போதும் என்பது எங்கள் தேசிய சங்கத்தின் பரிந்துரை. நாட்டுச் சராசரி 370ஐத் தாண்டுகிறது. இதில் உங்கள் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் தனியார் ஆலோசகர் கட்டுரையைச் செதுக்கித் தருவார், சரி, ஆனால் ஸ்கூல் ரிப்போர்ட்டை அவரால் அனுப்ப முடியாது. (யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை. அங்கே மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.)

இன்னொன்று, ஏர்லி டிசிஷன் என்று ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை. இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிக்கு அப்படிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். உதவித்தொகை எவ்வளவு வரும் என்று தெரியாமல் அதில் இறங்க வேண்டாம் என்றும் சொல்வேன். உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது சுமார் எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் கல்லூரிகளின் இணையதளத்திலேயே இருக்கிறது, அதை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.