ரிசல்ட் வரும்வரை வாழ்க்கையை நிறுத்திவைக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னைப் பார்க்க வரும் இளவட்டங்களில் பலர் தூக்கம் வரவில்லை, தலைவலி, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும்: "நான் என்ன ஆகப்போறேன்னே தெரியல மேடம்."

அப்படி வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம், மெக்கானிக்கல் படித்தவர், வயது 24. படிப்பை முடித்ததிலிருந்து குரூப் தேர்வுகளுக்குத் தயாராகிறார். ஒன்று போனால் அடுத்த அறிவிப்பு, அதுவும் போனால் அதற்கடுத்தது. ஊர்த் திருவிழாப் பக்கம் தலைகாட்டுவதை விட்டுவிட்டார். "இப்ப என்ன பண்றே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பால் வாங்கக்கூடப் பின்தெரு வழியாகத்தான் போவாராம். கூடப் படித்தவர்கள் பெங்களூரிலிருந்து போடும் ஸ்டேட்டஸ்களை எல்லாம் மியூட் செய்திருந்தார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

தேர்வுக்குப் படிப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு வீட்டுக்கு அரசு வேலை வந்தால் என்னவெல்லாம் மாறும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை கிடைக்கட்டும் என்று நண்பர்கள், விளையாட்டு, கைச்செலவுக்கான சின்ன வருமானம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அறைக்குள் உட்கார்ந்துவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல். செய்வது குறையக் குறைய மனசு சோர்கிறது. சோர்ந்த மனசு இன்னும் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் மனச்சோர்வுக்கு ஆலோசனை தரும்போது முதலில் அன்றாடத்தைச் சரிசெய்யப் பார்க்கிறோம். மனசு சரியான பிறகு செய்யலாம் என்று யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை.

18 முதல் 25 வயதுவரை உள்ள காலத்தைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் எழுதினார். வேலை, ஊர், உறவு எல்லாம் நிலையில்லாமல் இருப்பது அந்தப் பருவத்தின் இயல்பு என்பது அவர் கணிப்பு. எனவே 22 வயதில் வழி தெரியாமல் நிற்பது யாருடைய குறையும் இல்லை. அதே சமயம், உட்கார்ந்து யோசித்தே அது பிடிபட்டுவிடும் என்றும் நான் நம்பவில்லை.

அந்தத் தம்பியிடம் மாங்காய் சீசனில் ஏதாவது வேலைக்குப் போகச் சொன்னேன். ஒரு மாங்கூழ் ஆலையில் எடை மேடையில் சீட்டுப் போடும் வேலை கிடைத்தது. காலையில் படிப்பு, மதியத்துக்கு மேல் ஆலை. கொஞ்ச நாளில் என்னிடம் தேர்வைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. கன்வேயர் பெல்ட் ஏன் அடிக்கடி நிற்கிறது, எந்த பேரிங்கை மாற்றினார்கள், பழுது பார்க்கிறவர் தன் பக்கத்தில் இவரை எப்படி நிற்க விட்டார் என்று கதை கதையாகச் சொன்னார். காலேஜில் படித்தபோது மெஷின் தனக்குப் பிடிக்கும் என்றே தெரியாதாம். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கிறார். தேர்வையும் விடவில்லை.

அப்ரண்டிஸ் பயிற்சிக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் நடக்கிறது. போய் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குத் தேடிப் பார்க்கிற காலமே கிடைப்பதில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரி முடிக்கிறாள். கடைசித் தேர்வு எழுதும்போதே வீட்டில் ஜாதகம் கைமாறுகிறது. பெற்றோரிடம் கெஞ்சியே கேட்கிறேன்: ஒரு வேலைக்குப் போய், தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்கிப் பார்க்க இரண்டு வருடமாவது கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் தாமதிக்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.