59.3 என்றால் எதில் 59.3?

2025 செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, பதினொரு மணி டீ வந்திருந்தது. மாமா போனை என் பக்கம் நீட்டினார். பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையின் இரண்டாம் ஸ்டேஜில் அவருக்குச் சின்னதாக ஒரு ஷெட் இருக்கிறது. உலோகத்தைச் சுழற்றிக் கடையும் நாலு பழைய லேத், கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சிஎன்சி, வெட்டுக்கருவி சுழன்று உலோகத்தைக் குடையும் ஒரு விஎம்சி. கிருஷ்ணகிரியிலிருந்து அப்ரண்டிஸாக இந்த ஊருக்கு வந்தவர், முப்பது வருடமாக ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து தரும் வேலை, செய்கிறார்.

"மாப்ளே, நம்ம நாட்டு உற்பத்தித் துறை பதினேழு வருஷத்துல இல்லாத உச்சமாம். 59.3னு போட்டிருக்கு. எதுல 59.3? நூத்துக்கா? அப்ப நம்ம ரெண்டு லேத் ஏன் சும்மா நிக்குது?"

இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்த எண்ணின் பெயர் பிஎம்ஐ, அதாவது பர்ச்சேஸ் மேனேஜர்களின் குறியீடு. இந்தியாவில் 2005 மார்ச்சிலிருந்து கணக்கிடுகிறார்கள். இப்போது எச்எஸ்பிசி வங்கிக்காக எஸ் அண்ட் பி குளோபல் நிறுவனம் தயாரிக்கிறது. நாடு முழுவதும் சுமார் 400 உற்பத்தி நிறுவனங்களுக்கு மாதாமாதம் ஒரு கேள்வித்தாள் போகும். அதில் பர்ச்சேஸ் மேனேஜரை ஏன் கேட்கிறார்கள்? ஒரு தொழிற்சாலை அடுத்த மாதம் கூடுதலாகத் தயாரிக்கப் போகிறது என்றால், இரும்புக் கம்பியும் பேரிங்கும் இந்த மாதமே வாங்கியாக வேண்டும். வேகம் கூடுவதும் குறைவதும் முதலில் தெரிவது அவர் மேஜையில்தான்.

எத்தனை டன், எத்தனை லட்சம் என்று அந்தத் தாளில் யாரும் கேட்பதில்லை. போன மாதத்தைவிடக் கூடுதலா, குறைவா, அதேதானா என்று மட்டும் கேட்பார்கள். நூறு பேரில் 30 பேர் கூடுதல், 55 பேர் அதே அளவு, 15 பேர் குறைவு என்கிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் என்றவர்களை முழுதாகவும், அதே அளவு என்றவர்களைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 30 + 27.5 = 57.5. எல்லோரும் அதே அளவு என்றால் 50. அதனால்தான் 50 என்பது எல்லைக்கோடு. மேலே போனால் வளர்ச்சி, கீழே வந்தால் சுருக்கம்.

இப்படி ஐந்து கேள்விகளுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எடை கொடுத்துச் சேர்க்கிறார்கள். புது ஆர்டருக்கு 30 சதவீதம், உற்பத்திக்கு 25, வேலைவாய்ப்புக்கு 20, சரக்கு வந்து சேரும் நேரத்துக்கு 15, வாங்கிவைத்த மூலப்பொருள் இருப்புக்கு 10. பருவ மாற்றத்தையும் கழித்துவிடுவார்கள். இங்கே அது லேசான வேலை இல்லை. ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவிச் சந்தனம் வைத்து நிறுத்துகிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். ஆனால் தீபாவளி ஒரு வருடம் அக்டோபரில் வரும், இன்னொரு வருடம் நவம்பரில் வரும்.

ஆக, 59.3 என்பது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்ணும் இல்லை, வளர்ச்சி சதவீதமும் இல்லை. எத்தனை பேரிடம் வளர்ச்சி பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். அகலம் தெரியும், ஆழம் தெரியாது. ஒருவருக்கு ஆர்டர் ஒரு சதவீதம் கூடினாலும், இன்னொருவருக்கு இரண்டு மடங்கானாலும், இருவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். 45 பேர் கூடுதல், 45 பேர் குறைவு, 10 பேர் அதே அளவு என்றாலும் விடை 50தான். ஒட்டுமொத்தத் துறையும் அமைதியாக இருக்கிறது என்றாலும் 50, பாதிப் பேர் ஓடிப் பாதிப் பேர் விழுந்தாலும் 50.

வீட்டுச் சம்பை நினைத்துக்கொண்டால் இன்னொரு விஷயமும் பிடிபடும். பிஎம்ஐ சொல்வது சம்பில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை. எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, குறியீடு 27.4க்கு விழுந்தது. ஆகஸ்டில் 52.0. மீண்டுவிட்டோம் என்று அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் உண்மையான உற்பத்தி அந்த மாதமும் முந்தைய ஆண்டின் அளவுக்குக் கீழேதான் இருந்தது. காலியான சம்பில் இரண்டு வாளி தண்ணீர் விழுந்தாலும் மட்டம் ஏறத்தானே செய்யும்?

அந்த ஏப்ரலில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சரக்கு தாமதமாக வந்தால், இந்தக் கணக்கில் அது நல்ல அறிகுறி! எல்லோருக்கும் வேலை அதிகம், சப்ளையரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம் கொள்வார்கள். ஊரடங்கில் லாரியே ஓடவில்லை, சரக்கு தாமதமானது. அந்தத் தாமதமும் குறியீட்டைக் கொஞ்சம் மேலே தூக்கியது. 27.4 என்பதே அப்படித் தூக்கிய பிறகு நின்ற எண்.

உண்மையான அளவை எடுத்துச் சொல்ல வேறொரு கணக்கு இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தொழில் உற்பத்திக் குறியீடு, சுருக்கமாக ஐஐபி. அதில் டன்னும் எண்ணிக்கையும் உண்டு. ஆனால் எண்ணிச் சேர்க்க நாளாகும். முன்பு ஆறு வாரம் ஆனது, 2025 ஏப்ரலிலிருந்து அடுத்த மாதம் 28ஆம் தேதியே தருகிறார்கள். பிஎம்ஐயோ மாதம் முடிந்து முதல் வேலை நாளிலேயே வந்துவிடும். வேகத்துக்கு பிஎம்ஐ, நிதானத்துக்கு ஐஐபி.

சரி, மாமாவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். எல்லோரும் ஓடும்போது அவர் லேத் ஏன் நின்றது?

அந்த 400 நிறுவனங்களின் பட்டியலில் பர்ச்சேஸ் மேனேஜர் என்று தனியாக ஓர் ஆளை வைத்திருக்கும் நிறுவனங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். மாமா ஷெட்டில் பர்ச்சேஸ், டெஸ்பாட்ச், கணக்கு எல்லாமே அவர்தான். ஆனாலும் பெரியவர்கள் ஓடினால் அவர்களுக்குப் பாகம் கடைந்து தரும் சின்னவர்களும் ஓட வேண்டுமே என்று தோன்றும். ஓடுவார்கள். ஆனால் அதே அளவில் ஓட மாட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது.

மாமாவின் ஆர்டரில் பாதி, மிஷின் செய்கிற கம்பெனிகளுக்குப் போகும் கியரும் ஷாஃப்ட்டும். 1953இல் எச்எம்டி என்ற அரசு மிஷின் தொழிற்சாலை வந்ததிலிருந்து மிஷின் செய்யும் மிஷின்களின் ஊர் இது. இப்போது ஒரு பம்ப் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து மிஷின். ஒன்று பத்து வருடம் உழைக்கும் என்றால், வருடத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வருடம் பம்ப் விற்பனை பத்து சதவீதம் கூடியது. இப்போது பதினொரு மிஷின் வேண்டும். பழசுக்குப் பதிலாக ஒன்று, புதிதாக ஒன்று. ஆர்டர் இரண்டு. பம்ப் விற்பனை பத்து சதவீதம் கூட, மிஷின் ஆர்டர் நூறு சதவீதம் கூடிவிட்டது! மறு வருடம் பம்ப் விற்பனை குறையவில்லை, அதே இடத்தில் நிற்கிறது. பதினொரு மிஷின் போதும், மாற்ற வேண்டியது ஒன்றுதான். மிஷின் ஆர்டர் இரண்டிலிருந்து ஒன்று, சரிபாதி. பம்ப் கம்பெனியின் மேனேஜர் 'அதே அளவு' என்று டிக் அடிக்கிற அதே வருடத்தில், மிஷின் கம்பெனிக்குப் பாகம் கடைகிறவர் லேத்தைத் துடைத்து மூடி வைக்கிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜான் மாரிஸ் கிளார்க் என்ற பொருளாதார அறிஞர் 1917இலேயே இதை விளக்கிவிட்டார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாக ஸ்டாக் வைப்பதால் இந்த ஆட்டம் இன்னும் பெரிதாகும். சாட்டையைப் பிடித்த கை ஒரு சாண் அசைந்தால் நுனி எங்கேயோ போய் அடிக்கிறது, அதேதான். பீனியாவின் சின்ன ஷெட்கள் அந்த நுனியில் இருக்கின்றன. இது புரியாமல் தேசிய எண்ணைப் பார்த்துக் கடன் வாங்கி மிஷின் போட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாடு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

அப்புறம், வேலையின் உருவமும் மாறுகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட், வால்வு, கியர் என்று உருண்டையான பாகங்கள் ஏராளம். உருண்டை என்றால் லேத். மின்சார வண்டியில் இவற்றில் பெரும்பகுதி கிடையாது. அங்கே பேட்டரிப் பெட்டி, மோட்டார் உறை, வெப்பத்தை வெளியேற்றும் தகடு போன்ற அலுமினியப் பாகங்கள். அவற்றுக்கு விஎம்சி வேண்டும். மாமா ஷெட்டில் அன்றைக்கு நின்றது லேத். மூலையில் இருந்த விஎம்சி இரண்டு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. சராசரி எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மாற்றம் அந்த ஒரே கூரைக்குள் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொரு பக்கம், அந்த உச்ச எண் பதிவான ஆகஸ்டின் 27ஆம் தேதிதான் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. ஏற்றுமதியை நம்பியிருந்தவருக்கும் உள்ளூர்ச் சந்தையை நம்பியிருந்தவருக்கும் அது ஒரே மாதமாக இருந்திருக்காது.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் தொழிற்சாலைகளின் பங்கு 25 சதவீதம் ஆக வேண்டும் என்று 2011இன் தேசிய உற்பத்திக் கொள்கை இலக்கு வைத்தது. இன்னும் 17 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இத்தனை வருடங்களில் பெரும்பாலான மாதங்கள் பிஎம்ஐ 50க்கு மேலேதான் இருந்தது. பரவலான வளர்ச்சியும் பங்கு கூடுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மாமா இப்போதும் முதல் தேதி போனைப் பார்க்கிறார். ஆனால் பெரிய எண்ணைத் தாண்டி இரண்டு வரிகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன். புது ஆர்டர் எப்படி, விற்காமல் கிடங்கில் இருக்கும் சரக்கு எப்படி. ஆர்டர் கூடிக் கிடங்கு காலியாகிறது என்றால், இன்னும் சில வாரங்களில் தொழிற்சாலைகள் வேகம் எடுத்தாக வேண்டும். ஆர்டர் மந்தமாகிக் கிடங்கு நிரம்புகிறது என்றால், பெரிய எண் 57, 58 என்று இருந்தாலும் புது மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க அது மாதம் இல்லை. போன மாதம் அவர் ஒரு லேத்தை விற்றுவிட்டார். இரண்டாவது விஎம்சிக்குக் கொட்டேஷன் வாங்கி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.