டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது?

"பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிடலாம் சார், ஒரு வாரத்துல முடிஞ்சிடும்." விடுதிக் குளியலறையைப் புதுப்பிக்கக் கூப்பிடும் நிர்வாகிகள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். லீவுக்குள் வேலை முடிய வேண்டுமே என்ற அவர்கள் கவலையும் நியாயம்தான்.

அப்படி ஒரு மாணவர் விடுதி. முதல் மாடியில் வரிசையாகக் குளியலறைகள், நேர் கீழே சமையல்கூடம். சமையல்கார அம்மா அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு, சொட்டுகிற இடத்தில் அலுமினிய அண்டா வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் கூரைப் பூச்சு உப்பிப் பெயர்ந்து, துருவேறிய கம்பி தெரிந்தது. துரு ஏற ஏறக் கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

மேலே போய் ஒரு ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தேன். தரைத் தண்ணீர் வடிந்து போகும் நஹானி ட்ராப்பைச் சுற்றி மட்டும் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். உடைத்தோம். உள்ளே நிரப்பியிருந்த செங்கல் ஜல்லியைக் கையில் அள்ளினால் தண்ணீர் வடிந்தது. ட்ராப்பும் கழிவுக் குழாயும் சேரும் இடத்தில் விரிசல். அத்தனை பேர் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே ஊறிக் கிடந்திருக்கிறது. இதன்மேல் எந்த டைல்ஸை ஒட்டி என்ன பயன்?

ஜல்லி முழுவதையும் அள்ளினோம். குழாய்களை மாற்றி, மூலைகளைக் கலவையால் வளைத்து, சுவரில் ஓரடி உயரம் வரை சேர்த்து வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் அடித்தோம். அது காய்ந்ததும் ட்ராப் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்தேன். 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பலர் தவிர்க்கப் பார்ப்பது இந்த இரண்டு நாளைத்தான். மூன்று அறைகள் தேறின. நான்காவதில் மறுநாளே தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. குழாய் நுழையும் ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை. கொத்தனார் முகம் சுளித்தார். ஆனாலும் திரும்பச் செய்தோம்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை: வழுக்காத டைல்ஸ், தண்ணீர் ஓட மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு. கதவுகளை மட்டும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொன்னேன். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவோடு சாய்ந்துகிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

அடுத்த லீவில் வாட்ச்மேன் போன் செய்தார், புது பாத்ரூமில் நாற்றம் என்று. கழிவுக் குழாயின் நாற்றம் மேலே வராமல் தடுக்க ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர், ஆள் புழங்காததால் வற்றியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இப்போது ஞாயிறுதோறும் ஊற்றிவிடுகிறாராம்.