டெபியூ ஆல்பம்: சொல் விளக்கம்

கன்ஸ் அன்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும், ஆங்கில ‘டெபியூ ஆல்பம்’ என்பதை ‘அறிமுக ஆல்பம்’ என்று மாற்றித்தான் தொடங்குகிறார்கள். 1987 ஜூலை 21 அன்று வெளிவந்த ‘அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’, அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடி பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. அதைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு எழுதலாம், ஏனென்றால் ‘அறிமுகம்’ இங்கே பொருந்தவில்லை, ‘ஆல்பம்’ நம்மிடம் வந்து வேறு ஏதோவாக மாறிவிட்டது.

முதலில் ஆல்பம். லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் நீதி அதிகாரிகளின் ஆணைகளைக் கறுப்பில் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைப்பார்கள், அந்தப் பலகைதான் ஆல்பம். செனட் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம் 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள், நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் நாலு வரியும் எழுதி வாங்கிக்கொண்ட வெற்று ஏட்டுக்கு அந்தப் பெயர் போனது; நம் ஆட்டோகிராஃப் நோட்டு போல. தபால்தலை, புகைப்படம் எல்லாம் ஒட்டிவைக்கும் ஏடுகள் அதற்குப் பிறகு.

பாட்டுக்கு இது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கொள்ளும், ஆகவே ஒரு நீண்ட சிம்பொனியை விற்க வேண்டுமானால் நாலைந்து தட்டுகள் தேவைப்படும், அவற்றை உறைகளாகத் தைத்த கனமான அட்டைப் புத்தகத்தில் போட்டு விற்றார்கள், பார்க்க அசல் புகைப்பட ஆல்பம் மாதிரியே இருக்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் அந்தப் புத்தகம் முழுக்க ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போனது, பெயர் மட்டும் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று தட்டும் இல்லாமல் செல்போனில் ஓடும் பாட்டு வரிசைக்கும் அதே பெயர்.

ஆனால் ஆல்பம் என்றால் வெறும் கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ‘அப்பிடைட்’டில் பன்னிரண்டு பாட்டு, ஏறக்குறைய 53 நிமிடம். தட்டின் இரு பக்கத்துக்கும் வழக்கமாக ஏ, பி என்று போடுவார்கள், இவர்கள் ஜி, ஆர் என்று போட்டார்கள்: கன்ஸ் ஒரு பக்கம், ரோசஸ் ஒரு பக்கம். பெருநகர வாழ்க்கை, போதை, தெரு எல்லாம் ஜி பக்கத்தில். காதலும் உறவும் ஆர் பக்கத்தில். பக்கத்துக்கு ஆறு பாட்டு. இது யோசித்து அடுக்கியது. தயாரிப்பாளர் மைக் கிளிங்க்கின் கைவண்ணம் ஒலியில் தெரிகிறது என்றால், குழுவின் ஐந்து பேரின் மனம் இந்த வரிசையில் தெரிகிறது.

சரி, டெபியூ. பிரெஞ்சுச் சொல். விளையாட்டில் முதல் அடி அடிப்பது என்ற பொருளில் இருந்து, நடிகர் முதன்முதலாக மேடையேறுவது என்று விரிந்தது. இதற்குத் தமிழில் ‘அரங்கேற்றம்’ மிக அழகான சொல், ஆனால் அவையோர் முன்னிலை இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தினால் செயற்கையாக இருக்கும். ‘அறிமுக நாயகன்’ என்பது சரி, முகம் புதிது. ஆனால் கன்ஸ் அன்ட் ரோசஸ் 1986 டிசம்பரிலேயே நான்கு பாட்டுகளோடு ஒரு சிறு தட்டை வெளியிட்டுவிட்டார்கள், அறிமுகம் என்றால் அதுதான் அறிமுகம். ‘அப்பிடைட்’ அவர்களுடைய முதல் முழு ஆல்பம். அதுவும் வந்தவுடன் ஊரெல்லாம் பேர் வாங்கித் தரவில்லை: 1987 ஆகஸ்டில் அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 182-ஆம் இடத்தில் நுழைந்து, முதலிடத்துக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஆகவே ‘முதல்’ என்று எழுதினால் போதும், அது எந்த இடத்திலும் பொய்யாகாது.

ஆல்பத்துக்கு ‘இசைத்தொகுப்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எனக்கும் அதுவே சம்மதம். ஒரு சிக்கல் உண்டு. இதே குழுவின் பழைய பாட்டுகளில் புகழ்பெற்றவற்றைத் திரும்ப எடுத்து இசை நிறுவனம் 2004-இல் ஒரே தட்டாக வெளியிட்டது, அதையும் தொகுப்பு என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? அதற்குத் ‘திரட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். தனிப்பாடல் திரட்டு என்று நமக்குப் பழகிய சொல்தானே. நான்கு பாட்டுச் சிறு தட்டுக்குக் ‘குறுந்தொகுப்பு’ என்று எழுதலாம். 1988-இல் வந்த ‘லைஸ்’ நடுவில் நிற்கிறது: அந்தப் பழைய நான்கு பாட்டு, கூடவே மின் கிதார் அதிரடி இல்லாமல் அக்கூஸ்டிக் கிதாரோடு புதிதாகப் பதிவான நான்கு. பாதி திரட்டுதான், இருந்தாலும் புதிதாகப் பதிவான பாட்டுகள் பாதி இருப்பதால் நான் தொகுப்பு என்றே எழுதுவேன்.

இலங்கைத் தமிழில் குறுந்தகட்டை ‘இறுவட்டு’ என்பார்கள், பாட்டு வெளியீட்டு விழாவைக்கூட ‘இறுவட்டு வெளியீடு’ என்று அழைப்பார்கள். நல்ல சொல், ஆனால் அது பொருளின் பெயர், 1987-இன் வினைல் தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் ஒத்துவராது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். இங்கே ‘ஆல்பம் சாங்’ என்றால் சினிமாவில் வராத பாட்டு என்று அர்த்தம், அது எந்த ஆல்பத்திலும் இல்லாத ஒற்றைப் பாட்டாகவே இருக்கலாம். கேசட் காலத்தில் சினிமா அல்லாத பாட்டுகள் ஆல்பமாக வந்ததால் ஒட்டிய பெயராக இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தோடு ஒருவர் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன் ஓர் ஆல்பம் சாங்’ என்று படித்தால் என்ன புரிந்துகொள்வார்? அது ‘அப்பிடைட்’டின் ஆர் பக்கத்தில் மூன்றாவதாக வரும் பாட்டு, பிறகு தனியாகவும் வெளியாகி 1988 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தமிழில் எழுதும்போது, ‘முதல் இசைத்தொகுப்பில் இருந்து தனிப்பாடலாக வெளியானது’ என்று எழுதுங்கள்.