சீன மை ஓவியம் வாங்குமுன் பெயரை விடுங்கள், காகிதத்தைப் பாருங்கள்

சீனச் சுருளோவியம் ஒன்று விற்பனைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது கையொப்பத்தையும் சிவப்பு முத்திரையையும்தான். போலி செய்பவரும் அந்த இரண்டில்தான் அதிகம் மெனக்கெடுகிறார். பழைய முத்திரையைப் பதிப்பிலிருந்து படமெடுத்து, கணினியில் இயங்கும் வெட்டுக்கருவியால் அச்சு அசலாகப் பொறித்துவிடலாம். மை காகிதத்துக்குள் இறங்கிய விதத்தை அவ்வளவு எளிதில் செய்ய முடியாது. அதனால் காகிதம், மை, பின்னொட்டு (ஓவியத்தின் பின்னால் ஒட்டும் தாள்), முத்திரை என்று பார்த்துக்கொண்டு போய், பெயரைக் கடைசியில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

பெரும்பாலான மை ஓவியங்கள் சுவான் காகிதத்தில் வரையப்பட்டவை. அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில், 'நீலச் சந்தனம்' என்று அங்கே அழைக்கப்படும் மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் கூழாக்கி இதைச் செய்கிறார்கள். பெயர்தான் சந்தனம், நம் சந்தன மரத்துக்கும் அதற்கும் உறவில்லை. 2009இல் இந்தக் கைத்தொழில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பூச்சில்லாத காகிதம் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். படிகாரமும் வச்சிரப் பசையும் பூசியது உறிஞ்சாது. நுண்கோட்டு ஓவியத்துக்கு அதுதான் தோது. மையோ, பைன் கட்டையை அல்லது துங் மரத்து எண்ணெயை எரித்தெடுத்த புகைக்கரியில் வச்சிரம் கலந்து கட்டியாக்கியது.

அந்த வச்சிரம்தான் நமக்குச் சாட்சி சொல்கிறது. பூச்சில்லாத காகிதத்தில் முதல் கோடு காய்ந்ததும் அதிலுள்ள வச்சிரம் இழைகளை அடைத்துவிடும். அதைக் குறுக்கே வெட்டி இரண்டாவது கோடு போட்டால், பின்னால் வந்த கோடு முதல் கோட்டுக்கு அடியில் புகுந்து போவதுபோல் தெரியும். மூங்கில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். எது முதலில் விழுந்தது என்று எண்ணிவிடலாம். சீ பாய்ஷி (1864–1957) வரைந்த இறால்களில், வெளிர் மை முழுதும் காயுமுன் தலைப்பகுதிக்குள் ஒரு கரும் மைக்கீற்று வைக்கப்பட்டிருக்கும். அதன் ஓரம் மெல்லக் கசிந்து உடலின் கண்ணாடித் தன்மையைக் கொண்டுவரும். போலிகளில் பெரும்பாலும் அந்தக் கீற்று காய்ந்த மையின்மேல் ஒட்டவைத்ததுபோல் நிற்கும், அல்லது பரவிக் குழம்பியிருக்கும்.

அதே லென்ஸ் அச்சுப்படியையும் காட்டிக்கொடுக்கும். சாம்பல் நிறம் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு. சுவான் காகிதத்திலேயே அச்சடித்து, நாலைந்து இடத்தில் கையால் மை தொட்டு, உண்மையான முத்திரையும் குத்தி விற்பதுண்டு. ஆகவே ஓர் இடத்தைப் பார்த்துத் திருப்தியாகாமல், வெளிர்ந்த பகுதிகளையும் பாருங்கள். பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் நிறுவனத்தின் புகழ்பெற்ற மரக்கட்டை நீர்ப்பதிப்புகளில் (செதுக்கிய கட்டைகளால் நீர் மையில் கையால் பதிப்பவை) புள்ளியே இருக்காது. அவை போலியல்ல, அருமையான கைவேலை. பதிப்பு என்று சொல்லி, பதிப்பின் விலைக்கு விற்கும்வரை.

பலர் கேள்விப்படாத ஏமாற்று ஒன்று உண்டு. சில சுவான் காகிதங்கள் இரண்டு அடுக்கு கொண்டவை. மை கீழடுக்குவரை இறங்கியிருந்தால், ஓவியத்தை நனைத்து அடுக்கைப் பிரித்து, ஒன்றை இரண்டாக்கி விற்கிறார்கள். கீழடுக்கில் மை மங்கலாக இருக்கும். கோட்டின் நடுவில் உயிர் இருந்தாலும் ஓரங்களில் பிற்பாடு மை ஏற்றிய தடம் தெரியும். முத்திரைக் குழம்பு சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமப் பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வதால் நீர் மை போலக் கீழே ஆழமாக இறங்காது. மங்கிய மைக்குப் பக்கத்தில் பளிச்சென்ற முத்திரை இருந்தால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள்.

பழமையைப் போலி செய்யத் தேநீரும் புகையும் போதும். உண்மையில் வயதான சுருளில் வெளிப்பக்கமாகச் சுற்றப்பட்ட பகுதியும் ஓரங்களும் அதிகம் கறுத்திருக்கும், உள்ளே போகப் போக நிறம் தெளியும். தேநீர்க் கறை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். புற ஊதா விளக்கு இன்னொரு வழி. காகிதத்தில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. 18ஆம் நூற்றாண்டு ஓவியம் என்று சொல்லப்படும் தாள் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் பேச்சு முடிந்தது. பின்தாள் மட்டும் ஒளிர்ந்தால் அது பிற்கால மறு ஒட்டாக இருக்கலாம். ஓவியத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

நகலெடுப்பது சீனத்தில் குற்றமாகக் கருதப்பட்டதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். எழுத்துக்கலைஞர் வாங் ஷிஜி கி.பி. 353இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய புகழ்பெற்ற முன்னுரையின் மூலப்பிரதி இன்று இல்லை. நகல்கள் வழியாகவே அது உயிரோடிருக்கிறது. கற்பதற்கான நகல் வேறு, ஏமாற்றும் நகல் வேறு. ஓவியர் ஜாங் தாச்சியென் (1899–1983) இரண்டிலும் வல்லவர். பத்தாம் நூற்றாண்டின் குவான் தோங் வரைந்தது என்று நம்பி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1957இல் வாங்கிய நிலக்காட்சி, அவர் கைவரிசையே. நிறுவனத்திலிருந்து வந்தது என்பதும் உத்தரவாதமல்ல. குவாங்ஜோ நகரக் கலைக்கழக நூலகத்தின் பொறுப்பாளரே 143 ஓவியங்களை எடுத்துக்கொண்டு தான் வரைந்த போலிகளை அங்கே வைத்தது 2015இல் நீதிமன்றத்துக்கு வந்தது. தன் போலிகளையும் வேறு யாரோ மாற்றிவைத்திருந்ததாக அவர் அங்கே சொன்னார்.

இன்று வாழும் ஓவியர்களின் படைப்பு 'சதுரச் சீன அடி' கணக்கில் விலைபோகிறது: ஒரு பக்கம் 33.3 செ.மீ. 69 × 138 செ.மீ. முழுத்தாள் வழக்கமாக 8 சதுர அடி. ஓவியரிடமிருந்தே ஒளிப்படமும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். சீன ஏலச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, உண்மைத்தன்மைக்குப் பொறுப்பேற்க முடியாது என்று ஏலத்துக்குமுன் அறிவித்துவிட்டால் ஏல நிறுவனம் கைகழுவலாம்; அந்தச் சிறு எழுத்தைப் படிக்காமல் கை தூக்காதீர்கள். சீனாவிலிருந்து எடுத்துவருவதாக இருந்தால், 1911க்கு முந்தியவை வெளியேற அனுமதியில்லை. ஓவியர் ஷு பெய்ஹோங் போன்ற சிலரின் படைப்புகளுக்கு ஆண்டு பாராமல் தடை உண்டு.

பின்னொட்டையும் தடவிப் பாருங்கள். கோதுமை மாவுப் பசையால் ஒட்டியது துணிபோல வளையும், பிற்காலத்தில் நீரால் பிரித்து மறுபடி ஒட்டலாம். வெப்பத்தில் உருகும் பிளாஸ்டிக் படலம் வைத்து இயந்திரத்தில் ஒட்டியது விறைப்பாக நிற்கும். சில ஆண்டுகளில் குமிழ் எழும்பும், பிரிக்கப்போனால் ஓவியமும் சேர்ந்து கிழியும். நல்ல ஓவியத்தை அவசரத்துக்கு இயந்திர ஒட்டுக்குக் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

வீட்டில் ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருக்கட்டும். 70ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், சிங்கப்பூர், கோலாலம்பூர் வீடுகளில் இதுவே முதல் எதிரி. ஒரு சுருளை இரண்டு மூன்று மாதத்துக்குமேல் தொங்கவிடாமல் இறக்கி ஓய்வு கொடுங்கள், கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். பெட்டிக்குள் கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் சேர்த்து வைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அறை வெப்பத்திலேயே உருகிக் காகிதத்தில் எண்ணெய்க் கறையாக இறங்கும்.